மாலையில் சுருதி இறங்கிய வாத்தியம்

வீணையில் ஓசையைப் பிறப்பிப்பது விரல், குழலில் பிறப்பிப்பது மூச்சு என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும் சங்கதி. ஸிந்தசைஸர் என்னும் மின்னணு வாத்தியத்திலோ விரலின் வேலை ஆணையிடுவதோடு முடிந்துவிடுகிறது. ஓசையாக மாறி வெளியே வருவது, சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலிருந்து புறப்பட்ட மின்சாரமே. அது டிரான்ஸ்பார்மரில் வோல்ட்டேஜ் இறங்கி, டயோடுகளில் ஒருதிசைப்பட்டு, பெரிய கண்டன்சர்களில் தேங்கிச் சமனாகி, ரெகுலேட்டரில் நிலைபெற்று, அதன் பிறகே ஆஸிலேட்டரில் அலையாகி, ஃபில்ட்டரில் மெருகு பெற்று, ஸ்பீக்கரின் வழியே காற்றை அசைக்கிறது. இந்த நீண்ட யாத்திரையின் முற்பாதியாகிய பவர் சப்ளையை வாசிப்பவர் நினைப்பதில்லை, கேட்பவர் அறிவதில்லை. ஆயினும் வாத்தியத்தின் யோக்கியதை முழுவதும் அதைப் பொறுத்தே நிற்கிறது என்பதை, பழைய ஸிந்தசைஸர்களைப் பழுது பார்ப்பதில் ஆயுளின் நல்ல பகுதியைச் செலவிட்டவன் என்ற முறையில், சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் தொழில் கற்றது வால்வு ரேடியோக்களின் அந்திமக் காலத்தில். மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கடையில், வயதிலும் அனுபவத்திலும் முதிர்ந்த ஒரு மெக்கானிக்கிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். பழுதான ரேடியோ எது வந்தாலும் அவர் உடனே திறக்க மாட்டார். மேஜைமேல் வைத்து, சுவிட்சைப் போட்டு, எந்த ஸ்டேஷனையும் பிடிக்காமல், சற்றுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அவசரப்பட்டு நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தால், “தம்பி, அது என்ன சொல்லுகிறதென்று முதலில் கேள். திறப்பதற்கு நேரம் இருக்கிறது” என்பார். அவர் கேட்டுக்கொண்டிருந்தது, வேலை செய்யாத ரேடியோவின் அடிவயிற்றிலிருந்து எழும் ஹம்மிங் ஓசையை.

அந்த ஹம்மிங்கில் அவர் இரண்டு வகை பிரித்துக் காட்டுவார். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. டயோடுகள் இரு பாதியையும் ஒழுங்காக ஒருதிசைப்படுத்தினால், மிச்சம் நிற்கும் அலை விநாடிக்கு 100 தடவை எழுந்து விழும். மேல்நாட்டு ஸ்வர வரிசையில் 98 சுழற்சியில் உள்ள தாழ்ந்த ‘ஜி’ ஸ்வரத்துக்குச் சற்றே மேலே அது ஒலிக்கும். ஒரு டயோடு போய்விட்டால் ஒரு பாதி மட்டுமே வரும். அப்பொழுது அலை விநாடிக்கு 50 ஆகி, ஓசை சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். மேல் ஸ்தாயி ஓசையானால் கண்டன்சரைச் சந்தேகி, கீழ் ஸ்தாயி ஓசையானால் டயோடையும் பூமி இணைப்பையும் சந்தேகி என்பது அவர் உபதேசம். இசையறிவு சற்றுமில்லாத அந்த மனிதர், ஸ்தாயி பேதத்தை ஒரு கருவியாக வைத்துக்கொண்டு, மீட்டரைத் தொடாமலே பாதி நோயைக் கண்டறிந்ததைப் பிரத்தியட்சமாகப் பார்த்த நான், பிற்காலத்தில் வாத்தியங்களைத் தொட்டபோது அந்த அப்பியாசத்தைக் கைவிடவேயில்லை.

ரேடியோவிலிருந்து நான் ஸிந்தசைஸருக்கு வந்தது சினிமா இசையின் மூலமாக. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் மின்னணு வாத்தியங்கள் பரவத் தொடங்கிய காலம் அது. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பெரும் பொருட்செலவில் தருவிக்கப்பட்ட அவ்வாத்தியங்களுக்கு இங்கே முறையான பராமரிப்பு நிலையங்கள் அரிது. ஆகவே பழுதடைந்தால், ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பார்த்துக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களிடமே அவை வந்து சேர்ந்தன.

ஸிந்தசைஸரின் பவர் சப்ளைக்கும் ரேடியோவின் பவர் சப்ளைக்கும் உள்ள தாரதம்மியத்தை இங்கே விளக்குவது அவசியம். ரேடியோவில் வோல்ட்டேஜ் சற்றுக் குறைந்தால் ஓசை சற்றுக் குறையும். பாட்டு பாட்டாகவே இருக்கும். 1964-ல் ராபர்ட் மூக் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கத் தொடங்கி, 1970-ல் மினிமூக் என்ற கையடக்கமான வடிவத்தில் மேடைக்கு வந்த ஸிந்தசைஸரிலோ, வோல்ட்டேஜே ஸ்வரம். ஒரு வோல்ட் கூடினால் ஓசை ஒரு ஸ்தாயி உயரும் என்பது அந்த வாத்தியங்களில் பலவும் கைக்கொண்ட விதி. ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்கள். எனவே ஒரு ஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம் வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 83 மில்லிவோல்ட் மாத்திரமே. தேர்ந்த காது உணரும் அபஸ்வரமோ அதிலும் இருபதில் ஒரு பங்கு. நான்கு மில்லிவோல்ட் பிசகினால் ஒரு வித்வான் முகம் சுளிப்பார் என்றால், அந்த மில்லிவோல்ட்டுகளையெல்லாம் எதனோடு ஒப்பிட்டு வாத்தியம் அளக்கிறதோ அந்தப் பவர் சப்ளை எவ்வளவு நிலையாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் தம்பூரா எந்த ஸ்தானத்தை வகிக்கிறதோ, அதே ஸ்தானத்தைத்தான் இந்த வாத்தியத்தின் உள்ளே பவர் சப்ளை வகிக்கிறது. தம்பூராவின் சுருதி இறங்கினால் பாடகர் எவ்வளவு சுத்தமாகப் பாடியும் பயனில்லை.

இந்த உண்மையை எனக்கு முழுமையாக உணர்த்தியது ஒரு பிராபெட்-5. கலிபோர்னியாவில் டேவ் ஸ்மித் என்பவர் நடத்திய ஸீக்வென்ஷியல் ஸர்க்யூட்ஸ் நிறுவனம் 1978-ல் வெளியிட்ட வாத்தியம் அது. ஒரே சமயத்தில் ஐந்து ஸ்வரங்கள் ஒலிக்கும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ஆஸிலேட்டர்களாகப் பத்து ஆஸிலேட்டர்கள். அமைத்து வைத்த நாதங்களை நினைவில் வைத்துக்கொள்ள, இஸட்-80 என்ற சிறு கணிப்பொறிச் சில்லு. முகப்பில் உள்ள ‘டியூன்’ பொத்தானை அழுத்தினால் அக்கணிப்பொறி பத்து ஆஸிலேட்டர்களையும் ஒவ்வொன்றாக அளந்து சுருதி சேர்த்துவிடும். அதுவரை, ஒரே சமயத்தில் பல ஸ்வரங்கள் ஒலிக்கும் பாலிபோனிக் வாத்தியங்களில் இவ்வளவு முழுமையாகக் காணாத இந்த வசதிகளால் அது உலகப் புகழ் பெற்றது. நான் சொல்லும் வாத்தியம், 1990-களின் பிற்பகுதியில், சினிமாப் பின்னணி இசையிலும் மேடைக் கச்சேரிகளிலும் பல்லாண்டு வாசித்த ஒரு கீபோர்டு வித்வானிடம் இருந்தது.

அவர் சொன்ன குறை விசித்திரமானது. காலையில் வாத்தியம் நிறைவாக ஒலிக்கிறது. மாலை விளக்கு வைக்கும் நேரமானால் சுருதி கீழே இறங்குகிறது. அத்துடன் நாதத்தில் ஒருவிதக் கரகரப்பும் சேர்ந்துகொள்கிறது. டியூன் பொத்தானை அழுத்தினால் சிறிது நேரம் தேறி, மறுபடி நழுவிவிடுகிறது. ரீரிக்கார்டிங் வேலை பெரும்பாலும் மாலையிலும் இரவிலுமே நடந்தபடியால், தம் பிரதான வாத்தியத்தை வேலைக்கு எடுத்துச் செல்லவே அவர் அஞ்சும்படி ஆகிவிட்டது. முன்பே ஓர் இடத்தில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஆஸிலேட்டர் சில்லுகள்தாம் கெட்டுவிட்டன என்று சொல்லி, டக் கர்ட்டிஸ் வடிவமைத்த அந்த அருமையான சில்லுகளில் சிலவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாற்றியிருக்கிறார்கள். செலவு ஆயிற்றே தவிர, மாலைநேரத்து நோய் தீரவில்லை. “தம்பி, இது வாத்தியமா, இல்லை எனக்கு வயசாகிக் காது போய்விட்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது” என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த வேதனை இன்றும் என் நினைவில் இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த சங்கீதக்காரர் ஒருவர் தம் செவியைச் சந்தேகிப்பதைப் போன்ற துன்பம் வேறில்லை.

“காதில் ஒன்றும் இல்லை, சார். வாத்தியமே சாட்சி சொல்லும்” என்று தேறுதல் சொன்னேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். பத்து ஆஸிலேட்டர்களும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் சுருதி இறங்குகின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துச் சில்லுகள் பேசி வைத்துக்கொண்டு கெட்டுப்போவது உலகில் நடவாத காரியம். ஒரு ஸ்வரம் மட்டும் பிசகினால் அந்த ஸ்வரத்துக்குரிய பகுதியைப் பார்க்கவேண்டும். எல்லா ஸ்வரங்களும் சேர்ந்து பிசகினால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பார்க்கவேண்டும். பொதுவானவை இரண்டே: கணிப்பொறி அனுப்பும் கட்டளை வோல்ட்டேஜ், பவர் சப்ளை. சுருதி மெய்யாகவே இறங்குகிறதா, அப்பொழுது கணிப்பொறி ஒழுங்காக ஓடுகிறதா என்று முதலில் அறிய அவ்வாத்தியத்திலேயே ஓர் உபாயம் இருந்தது. முகப்பில் ‘ஏ-440’ என்று ஒரு பொத்தான் உண்டு; மற்ற வாத்தியங்களோடு சுருதி சேர்த்துக்கொள்வதற்காக விநாடிக்கு 440 அதிர்வு கொண்ட ஓசையைத் தருவது. அந்த ஓசை ஆஸிலேட்டர்களிலிருந்து வருவதன்று. கணிப்பொறியின் படிகக் கடிகாரத்தை எண்ணிப் பிறப்பது. படிகத்தின் அதிர்வு வோல்ட்டேஜ் சற்றுக் குறைவதால் மாறிவிடாது. ஆகவே சுருதி நழுவும் தருணத்தில் ஏ-440 நிலையாக நிற்கிறதா என்று கவனித்துச் சொல்லும்படி வித்வானைக் கேட்டேன். அது அசையாமல் நிற்கிறது, வாத்தியம்தான் அதைவிட்டு இறங்குகிறது என்று மறுநாள் வந்து சொன்னார். தம் காது பிழையற்றது என்பதையும் அதே சோதனையால் அவர் தெரிந்துகொண்டார் என்பதில் எனக்கு மிகுந்த திருப்தி.

அடுத்த கேள்வி, ஏன் மாலையில் மட்டும் என்பது. வாத்தியத்தை வாங்கிவந்து என் பட்டறையில் பகல் முழுவதும் ஓடவிட்டும் நோய் தலைகாட்டவில்லை. நோய் தோன்றும் இடத்துக்கே வைத்தியன் போகவேண்டும் என்று தீர்மானித்து, ஒரு மாலை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கோடைக்காலம், தெரு முழுவதும் ஏர்கண்டிஷனர்களும் மோட்டார்களும் ஓடும் நேரம். பிளக் பாயிண்டில் 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் மீட்டர் 190-க்கும் கீழே காட்டியது. வாத்தியமோ அமெரிக்க மின்சாரத்துக்காக அமைக்கப்பட்டது. 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றின் வழியாகவே அது இயங்கிவந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜைச் சீர்படுத்துவதில்லை. வருவதை அதே விகிதத்தில் குறைத்துக் கொடுப்பது மாத்திரமே அதன் வேலை. உள்ளே 180 வந்தால் வெளியே 86 தான் வரும். 120 வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட யந்திரம் மாலைதோறும் கால்பங்குக்கு மேல் பட்டினி கிடந்திருக்கிறது.

மின்சாரம் குறைந்தது ஒரு காரணம். ஆனால் அது ஒன்றே முழுக் காரணமாகாது என்று எனக்குத் தோன்றியது. பல வருஷங்களாக இதே வீட்டில், இதே கோடைகளில், இதே டிரான்ஸ்பார்மரில் அந்த வாத்தியம் குறையின்றி ஒலித்திருக்கிறது. முன்பு தாங்கிக்கொண்ட பட்டினியை இப்பொழுது தாங்க முடியாமல் போனதற்கு உள்ளே ஏதோ பலவீனம் இருக்கவேண்டும். பட்டறைக்குத் திரும்பி, வாத்தியத்தை டிம்மர்ஸ்டாட்டில் இணைத்தேன். மின்சாரத்தை வேண்டிய அளவுக்குப் படிப்படியாகக் குறைக்கவும் கூட்டவும் உதவும் இந்தச் சாதனத்தால், மாலை நேரத்தைப் பகலிலேயே வரவழைக்க முடிந்தது. குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்பி வோல்ட்டேஜைக் குறைத்துக்கொண்டே, ஒரு சாவியை அழுத்திப் பிடித்துக் கேட்டேன். 200-ஐத் தாண்டிக் கீழே போனதும் நாதத்தில் கரகரப்பு எட்டிப் பார்த்தது. இன்னும் குறைத்தபோது சுருதி இறங்கியது. ஓசையை அடக்கிவிட்டு ஆம்பிளிபையரில் காதை வைத்துக் கேட்டால், என் ஆசிரியர் போதித்த அந்த மேல் ஸ்தாயி ஹம்மிங், விநாடிக்கு 100. டயோடுகள் இரு பாதியையும் சரியாகவே தருகின்றன. குற்றம் கண்டன்சரில் இருக்கவேண்டும் என்று அப்பொழுதே மனம் சொல்லிவிட்டது.

ஆயினும் மனம் சொன்னதை மீட்டரும் ஒப்புக்கொள்ளவேண்டும். வாத்தியத்தைத் திறந்து, ரெகுலேட்டர்களின் வெளிமுனைகளை அளந்தேன். கழித்தல் 15 வோல்ட் சரியாக இருந்தது. கணிப்பொறிக்குரிய 5 வோல்ட்டும் சரி. கூட்டல் 15 வோல்ட் மாத்திரம் சற்றுக் குறைந்து காட்டியது. அதன் உள்முனையில் மீட்டர் காட்டிய வோல்ட்டேஜோ போதுமானதாகவே தோன்றியது. இந்த இடத்தில்தான் அனுபவமில்லாத கைகள் ரெகுலேட்டரின்மேல் பழி போட்டு மாற்றிவிடுவது வழக்கம். மீட்டர் சொல்வது சராசரிக் கணக்கு. அலையின் மேட்டையும் பள்ளத்தையும் அது பிரித்துக் காட்டாது. அதற்கு, மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸி.ஆர்.ஓ. வேண்டும்.

ஸி.ஆர்.ஓ.வின் பச்சைத் திரையில் தெரிந்த காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனெனில் நோயின் சூட்சுமம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது. ஆரோக்கியமான பவர் சப்ளையில், ரெகுலேட்டருக்கு முன்னால் உள்ள வோல்ட்டேஜ் விநாடிக்கு 100 தடவை சிறிதளவு எழுந்து விழும். அந்தப் பள்ளத்தின் அடிமட்டம்கூட, ரெகுலேட்டருக்குத் தேவையான அளவுக்கு மேலேயே நிற்கும். 15 வோல்ட்டை நிலையாகத் தருவதற்கு இத்தகைய ரெகுலேட்டருக்குச் சுமார் 17.5 வோல்ட்டாவது கிடைக்கவேண்டும். இங்கே நான் கண்டதோ, ரம்பப் பற்களாக ஆழ ஏறி இறங்கிய ஒரு கோடு. டிம்மர்ஸ்டாட்டைக் குறைக்கக் குறைக்க, அந்தப் பற்களின் அடிப்பகுதி தேவையான எல்லையைத் தொட்டு, பிறகு அதற்குக் கீழே அமிழ்ந்தது. அமிழும் ஒவ்வொரு தடவையும் ரெகுலேட்டரால் 15 வோல்ட்டைப் பிடித்துவைக்க முடியவில்லை. வெளிமுனையிலும் அதே கணத்தில் ஒரு சிறு குழி விழுந்தது. விநாடிக்கு 100 தடவை ஆஸிலேட்டர்களின் ஆதாரமே தாழ்ந்து எழுந்தது. அதன் சராசரி விளைவைச் சுருதி இறக்கமாகவும், அதன் துடிப்பைக் கரகரப்பாகவும் வித்வானின் காது பிழையின்றிக் கேட்டிருக்கிறது.

மின்சாரத்தை நிறுத்தி, கண்டன்சரில் தேங்கியிருந்த மின்னேற்றத்தை ஒரு ரெஸிஸ்டர் மூலம் வடித்துவிட்டு, அதைக் கழற்றி அளந்தேன். மேலே அச்சிட்டிருந்த அளவில் பாதிகூட மிஞ்சியிருக்கவில்லை. வெளித்தோற்றத்தில் வீக்கமில்லை, கசிவில்லை, கறையில்லை. கண்ணால் மட்டும் பார்த்தவர் யாரும் அதைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். இவ்வகைக் கண்டன்சரின் உள்ளே அலுமினியத் தகடும், அதன்மேல் மெல்லிய ஆக்ஸைடு படலமும், திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியாக அந்த ஈரம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வற்றுகிறது. ஈரம் வற்ற வற்றக் கொள்ளளவு குறைந்து, உள்தடை ஏறுகிறது. உஷ்ணம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் பொதுவிதி. டிரான்ஸ்பார்மரின் சூட்டுக்குப் பக்கத்தில், சென்னைக் கோடைகள் பலவற்றைக் கழித்த ஒரு கண்டன்சர் இவ்வளவு காலம் உழைத்ததே பெரிது. செய்தவர்கள்மேல் குறையில்லை, காலத்தின் இயல்பு அது. முன்பெல்லாம் மின்சாரம் குறைந்தபோது, நிறைந்த கண்டன்சர் பள்ளத்தை நிரப்பிக் காப்பாற்றியது. பிறகு அந்தச் சக்தியை அது இழந்தது. தனித்தனியே பொறுக்கத்தக்க இரு குறைகள் மாலை வேளையில் ஒன்றுசேர்ந்ததே அந்த நோய்.

புதிய கண்டன்சரைத் தேர்ந்தெடுப்பதிலும் சிரத்தை வேண்டும். கொள்ளளவு பழையதற்குச் சமமாகவும், தாங்கும் வோல்ட்டேஜ் சற்று அதிகமாகவும், தாங்கும் உஷ்ணம் 105 டிகிரியாகவும் உள்ளதையே வாங்கினேன். பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கொள்ளளவை இரண்டு மூன்று பங்கு ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. சுவிட்சைப் போட்ட கணத்தில் காலிக் கண்டன்சருக்குள் பாயும் கரண்ட் டயோடுகளையும் ஃபியூஸையும் வருத்தும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. கடையில் வெகுநாள் கிடந்த சரக்காக இருந்தால் ஆக்ஸைடு படலம் மெலிந்திருக்கக்கூடும். எனவே பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தேன். கழித்தல் 15-க்கும் 5-க்கும் உரிய கண்டன்சர்களும் அதே வயதுடையவை என்பதால், அவற்றையும் மாற்றிவிட்டேன். பிறகு பூதக்கண்ணாடியை வைத்து ரெகுலேட்டர் கால்களின் ஈயப் பற்றுகளைப் பார்த்தபோது, சூடாகி ஆறிச் சூடாகி ஆறியதில், சிலவற்றைச் சுற்றி மயிரிழை வளையமாக வெடிப்பு ஓடியிருந்தது. எங்கள் தொழிலில் டிரை சால்டர் என்று சொல்லும் அவற்றைப் பழைய ஈயத்தை நீக்கிவிட்டுப் புதிதாகப் பற்ற வைத்தேன்.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது எப்பொழுதும் நான் 100 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைப்பது வழக்கம். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து கரண்டைத் தானே தடுத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ஒருகணம் ஒளிர்ந்து, கண்டன்சர்கள் நிறைந்ததும் மங்கிவிடும். அன்று பல்பு மங்கியது. சீரிஸ் பல்பை நீக்கி, டிம்மர்ஸ்டாட்டை முன்பு நோய் கண்ட அளவுக்கும் கீழே இறக்கிப் பார்த்தேன். திரையிலே 15 வோல்ட் கோடு நேராக நின்றது. சாவியை அழுத்திக் கேட்டால், ஏ-440 ஓசையும் வாத்தியத்தின் ஓசையும் இழைந்து ஒன்றாயின.

வித்வான் வந்து, மாலை விளக்கு வைத்த பிறகு வெகுநேரம் வாசித்துப் பார்த்தார். நீண்ட கார்வைகளாகப் பிடித்துப் பிடித்துக் கேட்டார். “தம்பி, முன்னே மாற்றின சில்லெல்லாம்?” என்று கேட்டார். பழைய சில்லுகளை அவர் பத்திரமாக ஒரு டப்பாவில் வைத்திருந்தார்; வாங்கி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். எல்லாம் நல்லவை. அவற்றைக் காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுத்து, பிற்காலத்துக்கு உபயோகப்படும் என்று சொன்னேன். வீட்டுக்கு ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கச் சொன்னேன். அதிலும் ரிலே வகை வேண்டாம், ரிலே ஒவ்வொரு முறை மாறும்போதும் வோல்ட்டேஜ் படி தாவும், மோட்டாரால் வழுக்கிச் சரிசெய்யும் ஸெர்வோ வகையே இசை வாத்தியத்துக்கு ஏற்றது என்று எடுத்துரைத்தேன்.

இதற்குப் பிறகு பல வாத்தியங்கள் வந்தன; காரணங்கள் வேறுபட்டாலும் தேடும் மார்க்கம் ஒன்றாகவே இருந்தது. ஜப்பானிய வாத்தியம் ஒன்றில் 15 வோல்ட் அடியோடு இல்லாமல் போயிருந்தது. ரெகுலேட்டர் நெருப்பாய்ச் சுட்டபோதிலும் அதை நான் மாற்றவில்லை. பலகைகளின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனேன். ஒரு பலகையைப் பிரித்ததும் வோல்ட்டேஜ் நிமிர்ந்தது. அந்தப் பலகையில், துவரம்பருப்பளவு டான்டலம் கண்டன்சர் ஒன்று ஷார்ட்டாகி எல்லாவற்றையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில், கழித்தல் 15-க்குரிய 7915 ரெகுலேட்டரை யாரோ மாற்றியபோது, அதன் முதுகுத் தகடு கூட்டல் வகையைப்போல் பூமியோடு சேர்ந்ததன்று, உள்முனையோடு சேர்ந்தது என்பதைக் கவனியாமல், இடையே வைக்கவேண்டிய மைக்காத் தாளை விட்டிருந்தார்கள். ஃபியூஸ் போட்டவுடன் போய்க்கொண்டிருந்தது. வேறு சிலவற்றில் குற்றம் வாத்தியத்தில் இல்லவே இல்லை. 50 சுழற்சி ஹம்மிங்கை ஒழிப்பதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டியெறிந்திருப்பார்கள். வாத்தியமும் ஆம்பிளிபையரும் வெவ்வேறு இடத்தில் பூமியைத் தொடுவதால் எழும் ஓசை அது; இரண்டையும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கச் செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த்தை வெட்டினால் ஓசை போகலாம், கூடவே வாசிப்பவரின் உயிருக்குள்ள காவலும் போய்விடும். இதை மட்டும் நான் யாரிடமும் மென்மையாகச் சொன்னதில்லை.

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கும்போது, பழுது பார்க்கும் தொழிலுக்கு வேண்டிய பிரதான குணம் வரிசைமுறையை மீறாமை என்றே எனக்குப் படுகிறது. முதலில் கேள், பிறகு, எப்பொழுது, எங்கே, எல்லாவற்றிலுமா ஒன்றிலா என்று விசாரி, பிறகு சுவரிலிருந்து தொடங்கி, டிரான்ஸ்பார்மர், டயோடு, கண்டன்சர், ரெகுலேட்டர் என்று மின்சாரம் நடந்துவரும் வழியிலேயே நீயும் நடந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து பார். ஆதாரம் சுத்தம் என்று நிச்சயமான பிறகே மேலே உள்ள சில்லுகளைத் தொடு. இப்படிச் செய்பவனுக்கு அபூர்வச் சில்லுகளை வீணே பிடுங்கும் பாவம் நேராது. அந்தக் காலத்துச் சில்லுகளிற் பல இன்று எளிதில் கிடைப்பவை அல்ல. ஒன்றை அநாவசியமாகச் சூடுகாட்டிக் கழற்றுவது, எங்கோ ஒரு வாத்தியத்தின் பிற்கால ஆயுளைக் குறைப்பதாகும்.

ஒரு வழக்கத்தை மாத்திரம் இளைய தலைமுறையினருக்கு வற்புறுத்த விரும்புகிறேன். வேலை முடிந்ததும் மூடியின் உட்புறத்தில் நான் ஒரு சிறு அட்டை ஒட்டுவது உண்டு. மாற்றிய உறுப்பு எது, தேதி என்ன, ஒவ்வொரு ரெகுலேட்டரின் முன்னும் பின்னும் கண்ட வோல்ட்டேஜ் எவ்வளவு, பள்ளத்தின் அடிமட்டம் எவ்வளவு, அப்பொழுது சுவரில் எத்தனை வோல்ட் இருந்தது என்பவற்றைப் பென்சிலால் எழுதிவைப்பேன். புதிய கண்டன்சரும் ஒருநாள் வற்றும். அன்று அதைத் திறப்பவருக்கு நான் யாரென்றே தெரியாது. ஆனால் ஆரோக்கியமாக இருந்தபோது வாத்தியத்தின் அளவுகள் இவை என்று அவருக்குத் தெரிந்தால், எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சில நிமிஷங்களில் கண்டுகொள்வார். நம் நாட்டில் நல்ல தொழிலாளிகளுக்குக் குறைவில்லை. அவர்கள் கண்டறிந்தவை அவர்களோடு மறைந்துபோவதுதான் குறை. ஒவ்வொரு பட்டறையும் இப்படி எழுதிவைக்கும் பழக்கத்தை மேற்கொள்ளுமானால், மெக்கானிக்குகள் மாறினாலும் ஒருவர் பெற்ற அறிவு அடுத்தவர் கைக்குச் சேரும். வித்வான்களும் தங்கள் காதைச் சந்தேகித்துத் துன்புறவேண்டியிராது.